சிலப்பதிகாரத்தை வீடியோ கேமாக்கியபோது பட்டது: புதிதாக இறங்குபவர்களுக்கு

நாங்கள் மூன்று பேர். ஒருவர் நிரல் எழுதுவார், ஒருவர் படம் வரைவார், எழுத்து வேலை என்னுடையது. மதுரைக் காண்டத்தின் நான்கு காதைகளை எடுத்துக்கொண்டு ஒரு சிறிய கணினி விளையாட்டைச் செய்தோம். எட்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது இருபத்திரண்டு மாதம் இழுத்தது. அதில் ஏறக்குறைய ஆறு மாதத்தைத் தின்றது காகித வேலை. யாரிடம் எந்தக் கையெழுத்து வாங்க வேண்டும், எந்தக் கட்டணத்தை எப்போது கட்ட வேண்டும், தமிழ் எழுத்து எந்த மென்பொருளில் உடையும் என்று முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. உங்களுக்காவது அந்த ஆறு மாதம் மிஞ்சட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கட்டணங்கள் எல்லாம் நான் எழுதும்போது உள்ளவை. பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. நூலில் கை வைக்கும் முன் ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள்

நாங்கள் முதலில் தொட்டது சிலப்பதிகாரம் அல்ல, பொன்னியின் செல்வன். யாரைக் கேட்டாலும், "அதுதான் நாட்டுடைமை ஆகிவிட்டதே, தாராளமாகச் செய்யுங்கள்" என்றார்கள். நான்கு மாதம் வேலை பார்த்த பிறகுதான் அந்தத் "தாராளம்" எங்கே முடிகிறது என்று தெரிந்தது.

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். ஆகவே 2014 இறுதியோடு காலம் முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டது. இந்தியாவுக்குள் சிக்கல் இல்லை.

ஆனால் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் போன்ற இணையக் கடையில் போட்டால் உலகம் முழுக்க விற்கிறீர்கள். அமெரிக்கா போடும் கணக்கே வேறு. 1996 ஜனவரி முதல் தேதியன்று சொந்த நாட்டில் உரிமை உயிரோடு இருந்த அயல்நாட்டு நூல்களுக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்று அங்கே எண்ணுகிறார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதைக்கு அந்தக் கணக்கு 2040களின் பிற்பகுதி வரை போகிறது. தமிழக அரசின் நாட்டுடைமை ஆணை அங்கே எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பது வக்கீல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் எங்கள் பாதி இசை முடிந்துவிடும். விற்பனையை இந்தியாவோடு நிறுத்திக்கொள்ள ஸ்டீமில் வழி உண்டு. ஆனால் வாங்கக்கூடிய தமிழர்களில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருக்கும்போது அதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. இளங்கோவடிகளிடம் போனோம்.

மூலம் பழையதானாலும் அதைச் சுற்றி இருப்பவை பழையவை அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்:

பதிப்பும் உரையும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892இல், அவர் மறைந்தது 1942இல். தாராளமாகப் பயன்படுத்தலாம். உங்கள் அலமாரியில் இருக்கும் எளிய உரை போன பத்தாண்டில் ஒரு பேராசிரியர் எழுதியதாக இருக்கலாம். அதிலிருந்து ஒரு பத்தியைக்கூட எடுத்துக் கேமில் ஒட்டாதீர்கள்.

மொழிபெயர்ப்பு. ஆங்கில வசனத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. மூலத்தைப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

படங்கள். நாட்டுடைமையானது எழுத்து மட்டுமே. தொடர்கதைக்கு வரைந்த ஓவியருடைய படங்கள் அதில் சேராது. திரைப்படத்தில் வந்த உடை, நகை, முகம், பின்னணி இசை எதையும் "அந்தச் சாயலில்" என்றுகூட ஓவியரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அப்படியே வந்துவிடும்.

நாட்டுடைமையான நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தைப் பாருங்கள். உங்கள் நூலின் பக்கத்தைத் தேதியுடன் சேமித்து, ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் காட்ட வேண்டிய முதல் காகிதம் அதுதான்.

உரிமை இன்னும் உயிரோடு இருக்கும் நூல் என்றால் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள், அதைப் பற்றி ஐந்தாம் படியில் விரிவாகச் சொல்கிறேன். பணம் பேசும்போது மொத்தத் தொகையா, பங்கா என்பதை இரு பக்கமும் நன்றாக யோசியுங்கள். விட்சர் கதைகளை எழுதிய போலந்து ஆசிரியர் சப்கோவ்ஸ்கி, அவற்றைக் கேமாக்கிய நிறுவனத்திடம் பங்கு வேண்டாம் என்று மொத்தத் தொகை வாங்கிக்கொண்டார். கேம் பெரிய வெற்றி கண்ட பிறகு, 2018இல், 6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார். 2019 இறுதியில் புதிய ஒப்பந்தம் போட்டுத்தான் அது தணிந்தது.

2. ஆடுபவர் என்ன செய்வார்? வினைச்சொல்லை நூலிலேயே தேடுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் சாவது இங்கேதான். "சிலப்பதிகாரத்தைக் கேமாக்குகிறோம்" என்று சொல்லும்போது மனதில் ஓடுவது காட்சி: புகார் நகரம், இந்திர விழா, மாதவியின் நடனம், எரியும் மதுரை. காட்சியைப் பார்க்கத் திரைப்படம் போதும். கையில் விசைப்பலகையோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

முப்பது காதையையும் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்கிறார்கள் என்று வினைச்சொற்களை மட்டும் எழுதினோம். நடக்கிறார்கள், பாடுகிறார்கள், வழி கேட்கிறார்கள், அடைக்கலம் கொடுக்கிறார்கள். பத்து நாள் ஓடியது. கொலைக்களக் காதையில் வந்து நின்றோம்.

"சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்று வருகிறது. பாண்டியன் தேரவில்லை, ஆராயவில்லை. ஆராயாமல் காவலரைக் கூப்பிட்டு, "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றச் சிலம்பு கொணர்க" என்கிறான். பிறகு வழக்குரை காதையில் கண்ணகி வந்து அவனை விளிப்பதும் அதே வினையால்தான்: "தேரா மன்னா!" அரசன் செய்யத் தவறிய வேலையை ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டால்? தேர்தல், அதாவது ஆராய்ந்து தெளிதல், அதுவே விளையாட்டு. அன்று மாலைக்குள் எங்கள் கேமின் எலும்புக்கூடு தயாராகிவிட்டது.

அடுத்த கேள்வி, ஆடுபவர் யாராக ஆடுவார் என்பது. கோவலனாகவோ கண்ணகியாகவோ ஆட விட்டால், முடிவை மாற்றத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மாற்ற விட்டால் காப்பியம் போய்விடும், விடாவிட்டால் கோபம் வரும். ஓரத்தில் நிற்கும் ஒருவரைப் பிடியுங்கள். ஜூல் வெர்னின் உலகப் பயணக் கதையிலிருந்து 2014இல் வந்த "80 டேஸ்" கேமில் நாம் எஜமானர் அல்ல, அவருடைய பணியாள். சீனத்தின் குரங்கரசன் கதையிலிருந்து 2024இல் வந்த "பிளாக் மித்: வூகோங்", மூல நாயகனை நம் கையில் நேராகக் கொடுக்காமல் கதைக்குப் பிந்தைய காலத்தில் வேறொரு குரங்கைக் கொடுக்கிறது.

எங்களுக்கு அப்படி ஒருவர் நூலிலேயே இருந்தார். கோவலனைப் பார்த்ததும் காவலர்கள், "இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன், கொலைப்படு மகனலன்" என்று தயங்குகிறார்கள். கொல்லத் தகுந்த ஆளாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணை உண்டு என்று அடுக்கி அவர்களைக் கரைக்கிறான். தயங்கிய காவலர்களில் பெயரில்லாத ஒருவர்தான் எங்கள் கேமில் ஆடுபவர். பொற்கொல்லனின் எட்டு வாதங்கள் எட்டுச் சுற்றுகள். அவற்றை உடைக்கச் சான்று தேடி ஊருக்குள் அலைய வேண்டும்.

கோவலன் எப்படியும் இறப்பான். "கல்லாக் களிமகன்" ஒருவன் வாளை வீசிவிடுவான். ஆடுபவர் தேடி வைத்த சான்று, அதன் பிறகு அவையில் யார் காதில் எது விழுகிறது என்பதை மட்டுமே மாற்றும். முன்னோட்டம் ஆடிய நண்பர்களில் சிலர் திட்டினார்கள். "என்னை ஏன் ஓட விட்டீர்கள்?" என்றார் ஒருவர். அதுதான் வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்தப் படியில் எச்சரிக்கை ஒன்றுதான்: நூல் முழுவதையும் எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தது நான்கு காதை. அதற்கே நாற்பதாயிரம் சொல் எழுத வேண்டியிருந்தது.

3. மூலப்பாடத்தைச் சுத்தமாக ஒரு கோப்பில் கொண்டுவாருங்கள்

பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு நல்ல தொடக்கம். அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய குறியாக்கத்தில் இருந்த கோப்பை யாரோ மாற்றிக் கொடுத்தால், ஒற்றுகளும் கால்களும் ஆங்காங்கே விழுந்திருக்கும். எங்கள் கோப்பில் ரகரம் சில இடங்களில் காலாகிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. எழுத்துருவை மாற்றிய அன்றுதான் பல்லிளித்தது.

செய்யுளைத் திரையில் எவ்வளவு காட்டலாம்? ஒரு காட்சிக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். புணர்ச்சியைப் பிரித்துப் போடுங்கள். மீதி உங்கள் சொந்த உரைநடை. இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும்.

4. எழுத்துருவும் இன்ஜினும்: ஒரு நாள் சோதனை, மூன்று மாத நிம்மதி

எங்கள் மூன்று மாதம் போனது இங்கே. இன்ஜின் என்பது கேமைக் கட்டும் மென்பொருள். யூனிட்டி என்ற இன்ஜினில் தொடங்கினோம். அதில் எழுத்தைத் திரையில் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ, தமிழின் கொம்புகளை இடம் மாற்றிப் போடத் தெரியாதது. "செப்புவது" என்று எழுதினால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. வரிசையை மாற்றித் தரும் சிறு நிரல்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினோம். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் உடைந்தது.

கடைசியில் கோடோ 4 என்ற வேறோர் இன்ஜினுக்கு மாறினோம். 2023இல் வந்த அந்த 4ஆம் பதிப்பிலிருந்து இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. 3ஆம் பதிப்பில் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களை நம்பி 3இல் இறங்கிவிடாதீர்கள். கதை சொல்லும் வகைக் கேம் என்றால் ரென்பை என்ற இன்ஜினும் நல்லது, அதிலும் பழைய பதிப்பு வேண்டாம். இரண்டும் இலவசம், விற்பனையில் பங்கு கேட்பதும் இல்லை.

எந்த இன்ஜினாக இருந்தாலும் முதல் நாளே இந்த ஒரு வரியைத் திரையில் போட்டுப் பாருங்கள்: "கொன்று, கௌவை, ஸ்ரீ, க்ஷணம், ஞொள்கிற்று, மணியுடை அரியே." எல்லாம் சரியாக வந்தால் மேலே போங்கள்.

வந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு பள்ளம். வசனம் எழுத்தெழுத்தாகத் தோன்றும் விளைவை எல்லோரும் வைப்பார்கள். கணினிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, குறியீடுதான் தெரியும். "கொன்று" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு குறியீடு. எனவே திரையில் க, கொ, கொன, கொன், கொன்ற, கொன்று என்று வருகிறது. ஒவ்வொரு எழுத்தும் முதலில் தவறாக வந்து பிறகு திருந்துகிறது. ககரம் வந்த பிறகு கொம்பு முன்னால் நுழைவதால் வரியே நடுங்குகிறது. அமைப்பை வரிவடிவ எண்ணிக்கைக்கு (திரையில் வரையும் உருக்களை எண்ணுவதற்கு) மாற்றினால் வேறு கூத்து: "கொ"வுக்கு முதலில் வெறும் கொம்பு மட்டும் அந்தரத்தில் தொங்கும். உயிர்மெய்யை ஓர் அலகாக எண்ணி வெட்டும் சிறு நிரலை நீங்களே எழுதிவிடுங்கள், அரை நாள் வேலை. யூனிகோடு விதிப்படி வெட்டினாலும் க்ஷவும் ஸ்ரீயும் இரண்டிரண்டாகப் பிரியும். அவற்றை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எழுத்துரு உரிமத்தைக் கவனியுங்கள். விண்டோஸில் இருக்கும் லதா எழுத்துருவை எடுத்துக் கேமுக்குள் அடைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அச்சகத்தில் நண்பர் கொடுத்த எழுத்துருவும் அப்படியே. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். உரிமக் கோப்பையும் கேமோடு சேர்த்து வையுங்கள். அளவு விஷயத்தில் தாராளமாக இருங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த பெட்டியில் "சேமித்த இடத்திலிருந்து தொடர்க" அடங்காது.

5. ஓவியர், இசையமைப்பாளர், பாடகர்: வேலைக்கு முன் கையெழுத்து

நண்பர் என்பதால் ஒப்பந்தம் வேண்டாம் என்று நினைத்தால், நட்பும் போகும் கேமும் போகும்.

இசை செய்து கொடுத்தவரிடம் நாங்கள் அரைப் பக்கக் கடிதம் ஒன்று வாங்கியிருந்தோம். "இசையின் உரிமை உங்களுக்கே" என்று ஒரு வரி. போதும் என்று நினைத்தோம். வக்கீல் படித்துவிட்டு மூன்று இடத்தில் பேனாவை வைத்தார். 19ஆம் பிரிவின்படி, எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தே ஆண்டுக்குத்தான். எந்த நாடுகளில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மூன்றாவதுதான் எங்களை உலுக்கியது: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, அது தானாகவே காலாவதியாகும். நாங்கள் அப்போது பதினான்காவது மாதத்தில் இருந்தோம்.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், உலகம் முழுக்க, பதிப்புரிமைக் காலம் முழுக்க, ஓராண்டு விதி பொருந்தாது என்ற வாசகம், எவ்வளவு தொகை, எப்போது, எதிர்காலப் பங்கு எதுவும் உண்டா, பெயர் எங்கே வரும். நிரல் எழுதுபவர் உங்கள் கூட்டாளியாக இருந்தாலும் அவரோடும் ஓர் ஒப்பந்தம் வேண்டும். கூலிக்கு எழுதித் தந்தவரின் நிரல், நீங்கள் பணம் கொடுத்ததாலேயே உங்களுடையது ஆகாது.

பாட்டில் ஒரு பொறி. கானல்வரி யாருக்கும் சொந்தமில்லை. அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலித்தடம் சொந்தம். யூடியூபில் கிடைப்பதை எடுக்காமல் புதிதாகப் பாட வைத்து, பாடகரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

சிற்பத்தில் இன்னொன்று. கண்ணகி என்றதும் எங்கள் ஓவியர் வரைந்தது, சிலம்பை உயர்த்தி நிற்கும் மெரினா சிலை. நம் எல்லோர் தலைக்குள்ளும் இருப்பது அதுதான். அந்தச் சிலை 1968இல் வைத்தது, ஈராயிரம் ஆண்டுப் பழையதல்ல. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தை வரையவோ படம் எடுக்கவோ சட்டம் விடுகிறது. முப்பரிமாண உருவாக வார்ப்பது அந்த விலக்கில் சொல்லப்படவில்லை. நாங்கள் வேறு தோரணையில், தலை விரித்து, பார்வையைத் தாழ்த்தி நிற்பவளாகப் புதிதாக வரைந்தோம். நேர்மையாகச் சொன்னால், அதனால் படம் மேம்பட்டது.

6. பெயரும் பதிவும்

"சிலப்பதிகாரம்" என்ற பெயரையே கேமுக்கு வைத்தால் தேடுபவர் கண்ணில் நூல், பாடல், நாடகம் எல்லாம் பட்ட பிறகுதான் நீங்கள் படுவீர்கள். தனிப்பெயர் வையுங்கள். வைக்கும் முன் இந்திய வணிகச்சின்னப் பதிவகத்தின் பொதுத் தேடலில் 9ஆம் வகுப்பிலும் (மென்பொருள்) 41ஆம் வகுப்பிலும் (பொழுதுபோக்கு) பாருங்கள். வணிகச்சின்னம் பதிய, தனிநபருக்கு இணையம் வழியாக ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதல் கேமுக்கு அவசரமில்லை.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமல்ல. நிரலுக்கு 500 ரூபாய்தான் என்பதால் செய்து வைக்கலாம். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும், சான்றிதழ் அதற்குப் பிறகு மெதுவாக வரும்.

7. யாரைப் புண்படுத்தும் என்று முன்பே யோசியுங்கள்

நூலில் இருப்பதைத்தான் காட்டினோம் என்ற பதில் எப்போதும் போதாது. பொற்கொல்லன் ஒருவன் செய்த குற்றம், கதையின் பிற்பகுதியில் ஆயிரம் பொற்கொல்லர் பலியில் போய் முடிகிறது. அதைக் காட்சியாக்கினால் ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகும். எங்கள் கேமில் நல்ல பொற்கொல்லர் ஒருவரைச் சேர்த்தோம். பரல் முத்தா மாணிக்கமா என்று சிலம்பைக் குலுக்கி ஓசையால் சொல்பவர் அவரே. கண்ணகியை வழிபடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதன் தொடர்ச்சியாக ஒரு காகிதம் வருகிறது. கடைகளில் உள்ளடக்கம் பற்றிய கேள்விப்பட்டியலை நிரப்ப வேண்டும். இடமுலை திருகி எறியும் காட்சியை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது? நிர்வாணமா, வன்முறையா? நாங்கள் நிழலுருவாகக் காட்டி, வன்முறை என்று குறித்து, விளக்கப் பெட்டியில் நான்கு வரி எழுதினோம். மறைக்காதீர்கள், பிறகு தெரிந்தால் கேமே கடையிலிருந்து இறங்கும். செயற்கை நுண்ணறிவால் செய்த படமோ குரலோ இருந்தால் அதையும் ஸ்டீமில் சொல்லியாக வேண்டும்.

8. ஸ்டீம் கணக்கு: பெயரின் முன்னெழுத்திலிருந்து தொடங்குங்கள்

கட்டணம் ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பி வரும். விற்பனையில் 30 சதவீதம் கடைக்கு.

தேவைப்படும் காகிதங்கள்: பான் அட்டை, அடையாளச் சான்று, ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கி அடையாளம்) உள்ள வங்கிக் கணக்கு. இதில்தான் தமிழர்களுக்கே உரிய வினை காத்திருக்கிறது. பான் அட்டையில் என் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. வங்கியில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. மூன்றும் மூன்று ஆட்கள். கணக்கில் கொடுக்கும் பெயரும் வரிப் படிவத்தில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டும். வங்கிக்கு இரண்டு முறை நடந்து, பெயர் மாற்றி, மறுபடி விண்ணப்பிக்க மூன்று வாரம் ஆயிற்று. இந்த வேலையை இன்றே செய்யுங்கள், கேம் தொடங்காவிட்டாலும் பரவாயில்லை.

மூன்று பேர் கூட்டாக என்றால் கணக்கு யார் பெயரில் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். பணம் ஒருவர் கணக்கில் விழுந்தால் வருமான வரியும் அவர் தலையில்தான் விழும்.

அந்த வரிப் படிவம் அமெரிக்காவுடையது, தனிநபராக இருந்தால் டபிள்யூ-8 பென். அதில் பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா அமெரிக்கா இடையிலான வரி ஒப்பந்தத்தைக் கோரினால், அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30 சதவீதத்திலிருந்து 15ஆகக் குறையும். பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

இனி நாட்கணக்கு. கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழிந்தால்தான் வெளியிட முடியும். "விரைவில்" என்ற கடைப் பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு பரிசோதனை, கேமுக்கு ஒரு பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வாரம் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால் இன்னொரு வாரம். பொங்கலுக்கு வெளியிட வேண்டும் என்றால் கட்டணத்தை ஐப்பசியிலேயே கட்டிவிடுவது நல்லது. முன்னோட்டம் தயாராக இருந்தால் வரவிருக்கும் கேம்களின் முன்னோட்டங்களுக்காக ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் சேருங்கள். ஒரு கேமுக்கு ஒரே முறைதான் அந்த வாய்ப்பு, அரைவேக்காட்டில் போகாதீர்கள்.

இன்னொரு பொறி யாரும் சொல்லாதது. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எங்கள் கேமை ஒருவர் சரியாக ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்தார், நன்றாக இருக்கிறது என்று எழுதினார், பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் ஊர்காண் காதையிலிருந்து மதுரைக் கடைத்தெருப் பகுதி ஒன்றைச் சேர்த்தோம்.

9. கைபேசியிலும் வேண்டுமென்றால்

கூகுள் பிளே கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். உறவினர்களைப் பிடித்துப் போட்டோம். நடுவில் ஒரு சித்தப்பா போனை மாற்றிவிட்டார். பதினைந்து பதினாறு பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். முதல் கேமுக்கு வேண்டாம் என்பேன்.

கையில் காசே இல்லை என்றால் இட்ச்.ஐஓ என்ற கேம் தளத்தில் இலவசமாகப் போடலாம். நாங்கள் முதல் முன்னோட்டத்தை அங்கேதான் போட்டோம். தமிழ் எழுத்துப் பிழைகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அங்கே வந்தவர்களே.

10. பணம் வந்த பிறகு

ஒரு மாத விற்பனைப் பணம் அடுத்த மாத இறுதியில் வரும், 100 டாலர் சேர்ந்திருந்தால். முதல் முறை வந்ததும் வங்கியிலிருந்து அழைத்து என்ன பணம் என்று கேட்பார்கள். மென்பொருள் விற்பனை வருவாய் என்று சொல்லி, அதற்கான வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு வேண்டுமா, ஏற்றுமதிக்கான உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டுமா என்பதை வெளியீட்டுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் ஆடிட்டர் முதலில், "சிலப்பதிகாரத்தில் என்னப்பா ஏற்றுமதி?" என்றுதான் கேட்டார்.

அமெரிக்காவில் பிடித்த வரிக்கு 1042-எஸ் என்று ஒரு படிவம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதை வைத்துத்தான் இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும், எனவே மின்னஞ்சலில் தொலைத்துவிடாதீர்கள். டபிள்யூ-8 பென் கையெழுத்திட்ட ஆண்டை அடுத்து மூன்றாவது ஆண்டின் டிசம்பரோடு காலாவதியாகும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.